இரைச்சல்

வீடு புகுந்த கடல் ஜெயசீலனைக் கொண்டுபோய் ஓராண்டாகிறது. மரக்காணத்தில் ரிப்பேருக்குக் கிடந்ததால் அவனது எலக்ட்ரிக் கிடாரும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் தப்பின.

“உப்புக்காத்து வால்வத் தின்னுடும்க்கா. வாரம் ஒருவாட்டி போட்டு சூடாக்குங்க,” என்று சொல்லித்தான் மெக்கானிக் கௌதமன் திருப்பிக் கொடுத்தான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெயசீலனின் மனைவி லூர்துமேரி கிடாரின் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் செருகி, அதைச் சுவரில் சாய்த்துவிட்டு சுவிட்சைப் போடுவாள். கண்ணாடிக் குழல் வால்வுகள் சிவக்கும். இரைச்சல் எழும். யார் விரலாவது கம்பியைத் தொட்டால் அது அடங்கும். எடுத்தால் மறுபடி எழும். ஜெயசீலன் வாசித்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

இன்று அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது இரைச்சல் நின்றது. திரும்பிப் பார்த்தாள். வால்வுகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. கிடார் பக்கத்தில் யாருமில்லை.

செதில் ஒட்டிய கையோடு எழுந்து போய் எதிரில் உட்கார்ந்தாள்.

“கைய எடுத்துடாதீங்க,” என்றாள்.