பன்னிரண்டாவது கேள்வி

முப்பத்தைந்து விடைத்தாள் திருத்தியாகிவிட்டது. முப்பத்தைந்திலும் பன்னிரண்டாவது கேள்விக்கு நம்பர் மட்டும் இருந்தது. கீழே வெறும் வெள்ளை.

"ஒருத்திகூடவா எழுதல?" பக்கத்து மேஜை கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"பத்து மார்க் கேள்வி! 'தாயில்லாப் பெண்ணின் வளர்ச்சியை நாவலில் மரமும் மழையும் பறவைகளும் எப்படிக் காட்டுகின்றன?' ஒரு வாரம் தொண்டைத் தண்ணி வத்த நடத்தினேன்."

"பேசி வெச்சுக்கிட்டு விட்டிருக்குதுங்க. எல்லாம் கொழுப்பு."

இலக்கிய டீச்சருக்குக் கோபம் பாதி, காரணம் தெரியாத குடைச்சல் பாதி. நாவலில் ஓர் இலை உதிர்ந்தால்கூட ஏன் உதிர்ந்தது என்று தோண்டித் துருவுகிறவர். சும்மா விடுவாரா? வகுப்புத் தலைவியை வரச் சொன்னார்.

வந்தாள். ஒல்லி உடம்பு, கூர்மையான புத்தி. வகுப்பில் அவளுக்குப் பெயர் குண்டூசி.

"விடை தெரியாதா?"

"தெரியும் மிஸ்."

"நேரம் பத்தலையா?"

"கடைசி அரை மணி சும்மாதான் உக்காந்திருந்தோம் மிஸ்."

"என்ன திமிர்! இதனால நாலு பேரு ஃபெயில். நீயும் முதல் இடத்தைக் கோட்டை விட்டுட்டே. ஏன்னு சொல்றியா, எல்லார் வீட்டுக்கும் லெட்டர் போடவா?"

குண்டூசியின் கண் கலங்கியது.

"போடுங்க மிஸ். அவ வீட்டுக்கு மட்டும் வேண்டாம். அவளுக்கு இது எதுவும் தெரியாது."

"எவளுக்கு?"

"ஜன்னலோரம் உக்காருவாளே, அவளுக்கு. அவ அம்மா போய் ரெண்டு மாசம்தானே ஆகுது? நீங்க பாடம் நடத்தின வாரம் பூரா தலையே நிமிரல மிஸ். யாராவது நல்லா எழுதிட்டா, நீங்க எழுந்து நிக்க வெச்சு சத்தமா படிக்கச் சொல்லுவீங்க. மறுபடியும் அவ அதைக் கேக்கணும். யாருமே எழுதலன்னா படிக்க ஒண்ணும் இருக்காதில்ல?"

டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. புத்தகத்துக்குள் இருந்த பெண்ணுக்காக அந்த வாரம் முழுக்க உருகியவர், எதிரே இருந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ போம்மா. யார் வீட்டுக்கும் லெட்டர் போகாது."

விடைத்தாள் கட்டுக்குள் திருத்தாமல் ஒரே ஒரு தாள் பாக்கி. அது அந்த ஜன்னலோரப் பெண்ணுடையதுதான். டீச்சர் தயங்கித் தயங்கிப் புரட்டினார்.

பன்னிரண்டாவது கேள்விக்கு அவள் மட்டும் எழுதியிருந்தாள்.

'எல்லோரும் மரத்தைத்தான் அம்மா என்பார்கள். எனக்குப் பிடித்தது பறவைகள். அந்தப் பெண் அழுகிற நாட்களில் அவை சத்தம் போடாமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். அவளுக்கு அது தெரியும். திரும்பிப் பார்த்தால் பறந்துவிடும் என்பதால், தெரியாதவள் போலவே இருப்பாள். மிஸ், பரீட்சை முடிய அரை மணி இருக்கும்போதே முப்பத்தைந்து பேரும் பேனாவை மூடியதை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவர்களுக்குத் தெரிய வேண்டாம். தயவுசெய்து இதை வகுப்பில் படிக்கச் சொல்லிவிடாதீர்கள்.'