ஒரு துனம் எவ்வளவு?

"எந்தக் கழுதை எழுதினது இதை? அவனை இப்பவே வேலையை விட்டுத் தூக்குங்க!"

அபூ ரக்கான் மேசையைத் தட்டினார். கோர் பள்ளத்தாக்கில் இருக்கும் அவருடைய வெள்ளரி வயலுக்கு, அம்மானில் இந்த அலுவலகம் எழுதிய புரோகிராம்தான் தண்ணீர் திறந்துவிடும். இந்த வாரம் முழுக்க இரண்டரை மடங்கு திறந்துவிட்டது. நாற்றெல்லாம் அழுகிப்போச்சு.

நிர்வாகி சுஹைர் புரோகிராமைத் திரையில் ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தினாள். ஜோர்டானில் ஒரு துனம் நிலம் என்றால் ஆயிரம் சதுர மீட்டர். அங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு என்று இருந்தது.

அங்கே புரோகிராம் எழுதும் கஸ்வான் அந்த எண்ணை மறுபடி மறுபடி படித்தான். அவனுடைய ஈராக்கில் துனம் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறுதான். பாகுபாவில் அப்பா விட்டுப்போன ஆரஞ்சுத் தோட்டம் அந்தக் கணக்கில் நான்கு துனம். கண்ணை மூடினால் பூ வாசனை வந்துவிடும். போய்ப் பார்க்க முடியாத ஏக்கம் மட்டும் ஆறவே இல்லை. அதே நினைப்பில் கை எழுதித் தொலைத்துவிட்டதோ?

வேலை போனால் ஜோர்டானில் தங்கும் அனுமதியும் போய்விடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவான்?

சுஹைர் அந்த வரியை எழுதியவர் பெயரைத் தட்டிப் பார்த்தாள். 'ஃபவாஸ்' என்று வந்தது.

"நான்தான் மேடம். தூக்கக் கலக்கம்," என்று பக்கத்து இருக்கை ஃபவாஸ் பல்லைக் காட்டினான்.

"வெக்கமா இல்லே?" என்று சுஹைர் சீறினாள். "இதே ஜோர்டான்ல, கரக் ஊர்ல பொறந்தவனுக்கு துனம் தெரியாதா? கோடை முழுக்க இவர் வயல்லயே கிட. நாத்து நட்டுக் குடு!"

கோர் வெயிலை நினைத்ததும் அபூ ரக்கானுக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கஸ்வானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. எப்போது பார்த்தாலும் 'ஆரஞ்சு ராஜா, ஆரஞ்சு ராஜா' என்று கிண்டலடிக்கிற பயல், சொந்த ஊர் அளவைக்கூட ஒழுங்காக எழுதவில்லையே!

"ஏண்டா, உங்க ஊர் துனம் உனக்கே தெரியாதா?"

"உன் தோட்டத்துக் கதையைக் கேட்டுக் கேட்டு மண்டை குழம்பிப்போச்சு ராஜா!"

ஃபவாஸ் சிரித்தான். சுஹைரின் அறைக்குள் போய் ஏதோ பேசினான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சுஹைர் கஸ்வானைக் கூப்பிட்டாள். "நீதான் திருத்தணும். துனம்னு வந்தா, எந்த நாடுன்னு புரோகிராம் முதல்ல கேக்கட்டும். ஜோர்டான்னா ஆயிரம். ஈராக்னா ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"ஈராக்ல நமக்கு ஒரு வாடிக்கையாளர்கூட இல்லையே மேடம்?"

சுஹைர் கதவைச் சாத்தினாள்.

"கரக் ஊர்க்காரன் எவனாவது துனத்துக்கு அந்தக் கணக்கை எழுதுவானா கஸ்வான்? காலைல போன்ல புகார் வந்ததும் உன் வரியை அழிச்சுட்டு, அதையே தன் பேர்ல எழுதி வச்சிருக்கான். ஈராக் கணக்கை எடுத்துடாதீங்கன்னு இப்போ கெஞ்சிட்டுப் போனதும் அவன்தான். ராஜா ஊருக்குத் திரும்புற அன்னிக்கு, ஆரஞ்சு மரத்துக்குத் தண்ணி விடணுமாம்."