காப்பாட்சியர் காப்பாற்றிய படம்

பறவைகளின் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய ஓவியப் பிரிவுக்கு ஆந்தையார்தான் காப்பாட்சியர். வெளிச்சம் பட்டால் பழைய சாயம் வெளுத்துவிடும் என்று எல்லா ஜன்னல்களையும் சாத்தியே வைத்திருந்தார். அவருக்கு இருட்டில் நன்றாகவே கண் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் சுவரில் முட்டிக்கொண்டு, "அற்புதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மதியம் வயதான நாரை ஒன்று வந்தது. "ஐயா, எங்கள் வம்சத்தை வரைந்த படம் இங்கே இருக்கிறதாமே. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை."

"ரசிக்கப் பழக வேண்டும், அம்மா," என்றார் ஆந்தையார்.

"பழகுகிற வயதா எனக்கு? ஒரே ஒரு ஜன்னலை ஒரு நிமிஷம் திறந்துவிடுங்கள்."

ஆந்தையார் மனமிரங்கித் திறந்தார்.

வெயில் பாய்ந்தது. நீல ஆற்றங்கரையில் ஐந்து நாரைகள் நின்றிருந்தன. கிழ நாரை கண் கலங்கிப் பார்த்தது.

ஆந்தையாருக்கோ கண் கூசி, சுவர்கூடத் தெரியவில்லை. "போச்சு, எல்லாம் வெளுத்துப்போச்சு," என்று பதறி ஜன்னலை அறைந்து சாத்தினார். அறை இருண்டதும் அவருக்குப் படம் பழையபடி தெரிந்தது.

"நல்லவேளை, காப்பாற்றிவிட்டேன்," என்று பெருமூச்சு விட்டவர், அன்றே குளவியை வரவழைத்து ஜன்னல்களையெல்லாம் மண் வைத்துப் பூசச் சொன்னார்.