வாத்தியாருக்கு ஐந்து நிமிஷம்

"மொத்தமே அஞ்சு நிமிஷம்தான். அதுல ரெண்டு நிமிஷம் போயாச்சு" என்றார் தலைவர் நாற்காலியில் இருந்த அம்மாள், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாத்தியார் கையிலிருந்த தாளைப் புரட்டினார். போன இரண்டு நிமிஷத்தில் அவர் வணக்கம் மட்டும்தான் சொல்லியிருந்தார். மாண்புமிகு என்று ஆரம்பித்துத் தலைவருக்கு ஒன்று, வலப்பக்கம் இருந்தவருக்கு ஒன்று, இடப்பக்கம் இருந்தவருக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பொதுவாக இன்னொன்று.

விஷயம் என்னவோ சின்னதுதான். சட்டமன்ற நிதிக் கமிட்டி தலையாட்டினால் அவருடைய முதியோர் கல்வி மையம் இன்னும் ஒரு வருஷம் ஓடும். இல்லாவிட்டால் அடுத்த மாதமே பூட்டு. பகலெல்லாம் உழைத்துவிட்டுச் சாயங்காலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறவர்கள் பாதியில் நிற்பார்கள்.

வகுப்பில் அவர் சிங்கம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மட்டும் பேச்சு தன்னால் எங்கெங்கோ ஓட ஆரம்பித்துவிடும்.

"மனித குலம் குகையில் வாழ்ந்த அந்தக் காலத்திலேயே..." என்று தொடங்கினார்.

"குகையெல்லாம் வேணாங்க. எதுக்கு வந்தீங்களோ அதுக்கு வாங்க" என்றார் வலப்பக்கத்துக்காரர்.

கோபம் வரவேண்டிய இடம். வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை, காலையில் மனைவி சொன்னதுதான் ஞாபகம் வந்தது. "உப்பு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, கடைக்காரருக்கு உப்போட வரலாறு பூரா சொல்லிட்டு வெறுங்கையோட வர்ற ஆளு நீங்க. பார்த்துப் பேசுங்க."

சரி என்று குகையை விட்டு வெளியே வந்து நேராகப் புள்ளிவிவரத்துக்குள் விழுந்தார். படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கு இத்தனை, அதில் பெண்கள் இத்தனை, அதற்கு முந்தின கணக்கெடுப்பில் இத்தனை. அவர் கை காற்றில் வட்டம் வட்டமாகப் போட்டது. இடப்பக்கத்துக்காரர் கொட்டாவியை மறைக்க அவசரமாக இருமினார். இருமலையும் மீறிக் கொட்டாவி தெரிந்துவிட்டது.

"ஒரு மூச்சுக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. கேக்கறவங்களுக்குப் புரிய வேணாமா?" என்ற அம்மாள், பக்கத்தில் கிடந்த டஸ்டரை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினார். வெள்ளைப் பொடி கிளம்பி வாத்தியாரின் மூக்கில் ஏறியது. தும்மலிலேயே இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

ஒரு மூச்சுக்கு ஒரு விஷயம். அருமையான யோசனையாக இருக்கிறதே, எங்கே கேட்டோம் என்று மூக்கைத் துடைத்தபடி யோசித்தார். அப்புறம்தான் உறைத்தது. வகுப்பில் அவரே தொண்டை கிழியக் கத்துகிற வாசகம் அது.

இடப்பக்கத்துக்காரர் முன்னால் சாய்ந்தார். "நான் ஒண்ணு கேக்கறேன். பேரன் பேத்தி எடுத்த வயசுல இவங்கல்லாம் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறாங்க? அந்தப் பணத்துல நாலு தெருவுக்கு விளக்காவது போடலாம்."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. எத்தனையோ வருஷமாக அவர் எதிர்பார்த்திருந்த கேள்வி. பதிலும் நெஞ்சு முட்ட இருந்தது. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"அதாவது, கல்வி என்பது ஒரு வெளிச்சம்..."

"தெரு விளக்குலயும் அதாங்க வருது."

வலப்பக்கத்துக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

"சரி, ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்க." அம்மாளின் குரல் கொஞ்சம் இளகியது. "உங்ககிட்டப் படிச்சதால வாழ்க்கை மாறின ஒரே ஒரு ஆளு. அது போதும்."

வாத்தியார் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அவருக்கு ஆளுக்கா பஞ்சம்? ஆனால் ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் கோபித்துக்கொள்வாரே! யாரைச் சொல்ல, யாரை விட என்று தடுமாறி, கடைசியில் யாருக்கும் மனஸ்தாபம் வராத பதிலைச் சொன்னார்.

"சுமார் அறுபத்தேழு சதவீதம் பேர்..."

"நேரம் முடிஞ்சுது" என்றார் அம்மாள்.

மூன்று தலைகளும் ஒன்றாகச் சேர்ந்து கிசுகிசுத்தன. வாத்தியார் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, பேச்சு எழுதிவைத்திருந்த தாளாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொதப்பிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. தன்னை நினைத்தால் தனக்கே பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாயை நம்பியா ஒரு மையமே இருக்கிறது?

அம்மாள் நிமிர்ந்தார். "முடிவைச் சொல்லிடட்டுமா? வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"நாளைக்கு நிஜக் கமிட்டி முன்னாடி நீங்க வாயே திறக்காதீங்க சார், உங்ககிட்டப் படிச்ச நாங்களே பேசிக்கறோம்."