கூலி வாங்காத வெல்டிங்

பணத்தை நீட்டிக்கொண்டே நின்றாள்.

தம்பி வாங்கவில்லை. கேஸ் கட்டரைக் கையில் பிடித்தபடி ஓரடி பின்னால் போனான்.

"என்னக்கா இது? நம்ம வேலைக்கு நான் என்னைக்குக் கூலி வாங்கியிருக்கேன்?"

வாங்கியதில்லை. அதுதான் வினையாகிப் போனது.

அவனுக்குப் பின்னால் படகு நின்றது. முப்பத்தாறடி இரும்புப் பாய்ப்படகு. தண்ணீரையே பார்க்காமல் இன்றைக்குத் துண்டாகப் போகிறது. பழைய இரும்புக்காரர் நாளைக் காலை லாரியோடு வருகிறார். லாரியில் ஏறுகிற அளவுக்கு வெட்டி வைத்தால்தான் எடுப்பாராம்.

அவள் கணவர் கஸ்பார் உப்பளத்து வேலியோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஷார்ஜாவில் படகு கட்டும் யார்டில் பத்தொன்பது வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். வெட்டிய தகடுகளை வாங்கிவந்து, எண் பார்த்துப் பொருத்தி, வெள்ளைக்காரர்கள் சொந்தமாகப் படகு கட்டுவதைப் பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்தவர். ஊருக்கு வந்தும் அதே பேச்சுதான். கம்ப்யூட்டர் வெட்டித் தருகிறது, அளக்கிற வேலை இல்லை, சேதாரம் இல்லை, பாதிச் செலவு மிச்சம். முடித்துக் கொடுத்தால் கொச்சியில் சுற்றுலா நடத்துகிறவர் ஒருவர் எடுத்துக்கொள்வார்.

முள்ளக்காட்டில் அவள் பேரில் இருந்த மனை போயிற்று. இரண்டு லாரியில் தகடுகள் வந்து இறங்கின.

தகடுகளை எண் பார்த்து நிறுத்தியதில் முதல் மாதத்திலேயே படகுக்கு உருவம் வந்துவிட்டது. தெருவே திரண்டு வந்து பார்த்தது. வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தாள், மடச்சி.

வெல்டிங்குக்குத் துறைமுகத்து ஆள் மீட்டர் கணக்கில் கூலி கேட்டார். கஸ்பார் யோசித்தார்.

வெளியாள் எதற்கு, தம்பி ரெமி இருக்கானே என்று சொன்னது அவள்தான்.

ரெமிஜியுஸ் இரும்பு கேட் செய்கிறவன். கம்பியின் ஒரு முனையில் தொட்டால் மறுமுனை வரை கையெடுக்காமல் ஓட்டுவான். கேட்டுக்கு அது அழகு.

படகுத் தகட்டுக்கு அது எமன். இங்கே ஒரு சாண், எதிர்ப்பக்கம் ஒரு சாண் என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைக்க வேண்டும். ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். படகின் உடம்பே முறுக்கிக்கொள்ளும். தகடுகளோடு வந்த தாளில் படம் போட்டே விளக்கியிருந்தார்கள்.

கஸ்பாருக்கு அது தெரியும். முதல் நாளே பார்த்துவிட்டு வாய் திறக்கப் போனார்.

அவர் கையைப் பிடித்து அழுத்தியவளும் அவள்தான்.

பயம் சும்மா வரவில்லை. ரெமி மகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், கறியில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று கஸ்பார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். நாலு வருடம் ரெமி அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா இறந்த அன்றைக்குத்தான் மறுபடி பேச்சே வந்தது.

அப்படிப்பட்டவன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்து, ஒரு பைசா வாங்காமல் வெயிலில் மல்லாந்து படுத்துப் பற்றவைக்கிறான். அவனிடம் போய் இது சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? கூலிக்கு வந்தவன் என்றால் சொல்லலாம்.

பதினான்கு மாதம் அப்படியே போயிற்று. அவள் சீலா மீன் குழம்பு வைத்தாள். அவன் வயிறாரச் சாப்பிட்டான். "நல்லா வந்திருக்கு மாப்ள" என்று கஸ்பார் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். சொல்லும்போது அவர் படகைப் பார்க்கமாட்டார்.

போன மாதம் படகைச் சோதிக்கக் கொச்சிக்காரர் அனுப்பிய சர்வேயர் வந்தார். முன்முனையிலிருந்து பின்முனைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினார். படகின் அடியில் ஓடும் நடுத்தண்டு நூலைவிட்டு மூன்று விரல் விலகி நின்றது.

இதைப் பிரித்துச் சேர்க்கிற செலவில் புதிதாகவே ஒன்று கட்டிவிடலாம் என்றார். கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

"தகடு வெட்டுனவன் அளவு தப்பு அத்தான்" என்றான் ரெமி.

அதற்கும் இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

இன்றைக்கு அவனாகவே சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். வெட்டுவதற்கு வெளியாள் எதற்காம், அவனே சும்மா வெட்டித் தருவானாம்.

அவளுக்கு வயிறு எரிந்தது. மனை போனதற்குப் பாதி, தன் புத்திக்குப் பாதி.

"பிடி. இது உன் நாள் கூலி. வாங்கிட்டு வெட்டு. இல்லேன்னா கட்டரை எடுத்துட்டுக் கிளம்பு."

ரெமி அவள் முகத்தையே பார்த்தான். விளையாட்டில்லை என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகம் சுண்டிப்போனது.

வாங்கினான். எண்ணாமல் சட்டைப் பையில் திணித்தான். கண்ணாடியை மாட்டி, தீயைப் பற்றவைத்து, படகின் அடியில் குனிந்தான்.

வேலியோரம் நின்றிருந்த கஸ்பார் திரும்பினார். நடந்து வந்து அவன் அருகில் நின்றார்.

"அங்க இல்லப்பா. அடியில தொட்டா மொத்தமும் மேல விழுந்திரும். மேலருந்து வெட்டிட்டு வா."

சொல்லிவிட்டு அவர் அவளைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள்.

ரெமி தீயை அணைத்தான்.

"சரிங்க" என்றான். அத்தான் என்ற சொல் வரவில்லை.

ஏணியை எடுத்துவந்து சாத்தி, மேலே ஏறினான்.