கழிவு எத்தன கிலோ?

நிரோஜாவின் இடது காலுக்கு ஜௌபர் முதலாளி போட்ட விலை இருபத்தையாயிரம் ரூபாய். ஒரு வருஷத்துக்கு. முகம் இனாம்.

அந்தக் கால் கொழும்பில் கால்பந்து இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் அடித்த கோலை ஊவா மாகாணமே கைபேசியில் பார்த்துத் தேய்த்துவிட்டது. பதுளை பஸாரில் சப்பாத்துக் கடை வைத்திருப்பவர் மட்டும் சும்மா இருப்பாரா? கோலுக்குப் பிறகு லீவில் வந்த நிரோஜா கடையில் பூட்ஸ் போட்டுப் பார்த்தபோது, மகன் ரிப்கானை விட்டு நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

காலுக்குச் சொந்தக்காரி இப்போது கொழும்பில், கிளப் பயிற்சியில். விலை பேச வந்திருந்தது அம்மா ரெங்கம்மா. நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள்.

முதல் பஸ்ஸைப் பிடித்து, கடைக் கதவு திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

ஜௌபருக்கு அங்கேயே பாதி பலம் போய்விட்டது. அன்றைய முதல் வியாபாரத்தை முறித்து ஆளை வெறுங்கையோடு அனுப்புவது, வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் நடக்காத காரியம். பதினைந்து தீபாவளிக்கு இதே நேரத்தில் வந்து செருப்பு வாங்கியவளுக்கு அது தெரியாதா?

விளம்பர ஒப்பந்தத் தாளை நீட்டினார். ரெங்கம்மா விலையைப் பற்றிப் பேசவில்லை.

"கழிவு எத்தன கிலோ, மொதலாளி?"

"என்ன கிலோ?"

"கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டுன்னு கழிப்பாங்க. முப்பது கிலோ பறிச்சவளுக்கு இருபத்தாறுதான் விழும். இதுல எம்புட்டு கழிப்பீங்க?"

ஜௌபர் செருமினார். ஆறாவது வரியில், பொடி எழுத்தில், படமெடுத்த செலவும் பூட்ஸின் விலையும் கழிபட்டிருந்தன. அவளுடைய விரல் நாலாவது வரியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

விரல் வந்து சேருமுன் அவரே அந்த வரியை அடித்துவிட்டார்.

"இப்ப வெலயப் பேசலாம்" என்றாள். "போன வருஷம் அதே கிளப் கோல்கீப்பர் பையனுக்கு என்ன குடுத்தீங்களோ, அத எம் மகளுக்கும் குடுங்க. ஒரு லட்சத்து இருபது."

"அல்லாஹ்வே! பொடியன்மார்ட மெட்ச்சுக்குச் சனம் வாரது, தங்கச்சி. பொம்புளப் புள்ளகள்ட ஆட்டத்த யாரு பாக்குறது?"

"நீங்க பாத்துட்டுத்தானே கூப்பிட்டு விட்டீங்க?"

ஜௌபர் நாற்பது என்றார். அறுபது என்றார். தன் வியாபாரக் கஷ்டம், டொலர் விலை, மழை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்.

ரெங்கம்மா எதையும் தொடவில்லை. கிளப் பெண்களுக்குக் கொடுப்பது பையன்களுக்குக் கொடுப்பதில் பாதி. அது அறை வாடகையோடு சரி. அதனால் நிரோஜா காலையில் கார்மென்ட்டில் தைத்துவிட்டு, மாலையில் களைத்த காலோடு பந்துக்குப் போகிறாள். மாதம் பத்தாயிரம் கூடுதலாக வந்தால் தையலை விடலாம். பன்னிரண்டு மாதத்துக்கு எவ்வளவு என்பதை நமுனுகுலயிலேயே கணக்குப் போட்டு வந்திருந்தாள்.

"எம் மகளுக்கு இங்க பூட்ஸ் வாங்குனப்ப, பொம்புளப் புள்ளன்னு பாதி வெலைக்கா குடுத்தீங்க?"

சொல்லிவிட்டுக் குடையை எடுத்தாள். எழுந்தாள்.

முதல் வியாபாரம் வாசற்படியை நோக்கி நடந்தது.

"தொண்ணூறு!"

நடை நிற்கவில்லை.

"நில்லுங்க தங்கச்சி. ஒரு லட்சத்து இருபது. இன்டைக்கே கையெழுத்து."

உண்மையில் அவர் ஒன்றரை லட்சம் வரைக்கும் போகத் தயாராக இருந்தார். அவசரம் அவருக்குத்தான், ஏன் என்பதை முகத்தில் காட்டாமல் முப்பதாயிரத்தை மிச்சம் பிடித்துவிட்டார். அந்தத் திருப்தியில் ஒரு முன்பணக் காசோலை எழுதி, இரண்டு பிளேன்டீக்கும் சொல்லிவிட்டார்.

ரெங்கம்மா மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு விலையைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். கடைசி நிமிடக் கோலுக்குக்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. தாளின் மற்றப் பிரதியை அவள் கையெழுத்துக்காக ரிப்கான் கொழும்புக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

ரெங்கம்மா தன் தாளை மடித்துப் பொலித்தீன் பையில் வைத்தாள். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"பசறை ரோட்டு வளைவுல உங்க கடை போர்டு நல்லா இருக்குங்க. காலையில பஸ்ஸே எந்திரிச்சு நின்னு பாத்துச்சு. படம் எம் மக மாதிரியேதான் இருக்கு."

ஜௌபருக்குத் தேநீர் புரையேறியது.

தோட்டத்துக்காரி கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவாள் என்று நம்பி, விலை பேசுமுன்னே நேற்று மாலை ஏற்றிய போர்டு அது.

"அப்ப... வந்ததும் அதச் செல்லியிருக்கலாமே? ரெண்டு லட்சம் கேட்டாலும் நான் தந்திருப்பேனே!"

"தந்திருப்பீங்க. பயந்து. அது எம் மக காலுக்குப் போட்ட வெலையா இருக்காதுல்ல, மொதலாளி."

நாற்பது வருட வியாபாரத்தில், கையில் அப்படி ஒரு சீட்டை வைத்துக்கொண்டு போடாமல் உட்கார்ந்திருந்த ஆளை அவர் பார்த்ததில்லை.

"ஆனா நேத்து ராத்திரி ஒண்ணு கணக்குல வரல" என்றாள் ரெங்கம்மா. ஊசி குத்தி வார் பிடித்திருந்த தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள்.

ஜௌபர் வாய்விட்டுச் சிரித்தார். பில் புத்தகத்தைத் திறந்து, அன்றைய முதல் பில்லை அவரே எழுதினார்.

ஒரு ராத்திரி போர்டு வாடகை: செருப்பு ஒரு சோடி, ஆறாம் நம்பர்.

கழிவு இல்லை.