மருந்து படாத சுவர்

1974இல் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு மலேரியா மருந்து அடிக்கப் போலி ஆட்கள் வருவதாகப் பேச்சு. அவர்கள் அடித்துவிட்டுப் போன வீட்டில்தான் காய்ச்சல் வருகிறதாம். நிஜமான ஆள் முதலில் பாத்திரங்களை வெளியே எடுக்கச் சொல்வார், முடித்ததும் கதவில் தேதி எழுதுவார் என்று கங்காணி சொல்லியிருந்தார்.

காலை மஞ்சு மூட்டத்தில் ஒருவர் தோளில் மருந்துப் பம்போடு, கைப்பிள்ளைக்காரி மாரித்தாயின் வாசலில் நின்றார்.

“வாங்கண்ணே, உள்ள வாங்க” என்றாள், யார் வந்தாலும் சொல்வதுபோல.

“பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகுது தாயி. உடனே அடிக்கணும்.”

“சட்டிபானைய வெளிய எடுக்க வேணாமா?”

“அதெல்லாம் எதுக்கு?”

“அப்ப நீங்க அடிக்கவே வேணாம்ணே.”

கதவைச் சாத்தினாள். அவர் படியிறங்கும் சத்தம் கேட்கவில்லை. மஞ்சில் எதுவும் சரியாகக் கேட்காது.

மத்தியானம் இன்னொருவர் வந்தார். பாத்திரங்களும் தொட்டில் பிள்ளையும் வெளியே வரும்வரை காத்திருந்து அடித்தார். கதவில் தேதி எழுதினார். மாரித்தாய்க்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் மருந்து காய்ந்து சுவரெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. தொட்டில் கட்டும் மூலையில் மட்டும் மருந்து படவில்லை. அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு, தலையும் தோளும், தோளில் ஒரு பம்புமாக, சுவர் பழைய செம்மண் நிறத்திலேயே இருந்தது.